ஏழடி அகலத்தில் ஒரு நீர்வழி: லங்கோலன் கால்வாய் பிழைத்த விதம்

இங்கிலாந்தின் செஷயர் வட்டாரத்தில், நான்ட்விச் நகருக்குச் சற்று வடக்கே ஹர்ள்ஸ்டன் என்றொரு சந்திப்பு இருக்கிறது. ஷ்ராப்ஷயர் யூனியன் கால்வாயின் முதன்மைத் தடத்திலிருந்து அங்கே ஒரு கிளை மேற்கு நோக்கிப் பிரிகிறது. பிரிந்த இடத்திலேயே, படகுகளைத் தண்ணீரால் படிபடியாக உயர்த்தும் நீர்ப்பூட்டுகள் அடுத்தடுத்து நான்கு. அவற்றில் ஏறித்தான் படகுகள் வேல்ஸ் மலையடிவாரத்தில் இருக்கும் லங்கோலனை நோக்கிய சுமார் 70 கிலோமீட்டர்ப் பயணத்தைத் தொடங்க முடியும். கோடைக்காலத்தில் வாடகைப் படகுகள் வரிசைகட்டிக் காத்திருக்கும் அதே இடத்தில், கால்வாயை ஒட்டி உயரமான புல்கரை ஒன்று தெரியும். அந்தக் கரைக்குள் இருப்பது குடிநீர்த் தேக்கம். படகுகள் மேலே ஏறிப் போகின்றன. வேல்ஸிலிருந்து கால்வாய் வழியாகவே வந்த ஆற்றுநீர் அந்தத் தேக்கத்துக்குள் இறங்குகிறது.

நேரோபோட் என்னும் ஒடுங்கிய படகில் இங்கிலாந்தின் நாட்டுப்புறத்தைச் சுற்றிவருவது இன்று அந்நாட்டவருக்குப் பிடித்தமான விடுமுறைகளில் ஒன்று. அமைதி, பசுமை, நடைவேகம் என்று அதைப் பற்றிச் சொல்லப்படுவதெல்லாம் உண்மைதான். ஆனால் தண்ணீரின் பக்கம் நின்று பார்க்கும்போதுதான் அந்தப் பயணம் முழுமையாகப் புரிகிறது. படகின் அகலம், போகும் வேகம், படகுக்காரர்கள் ஒருவருக்கொருவர் காட்டும் மரியாதை, மூடப்பட்டிருக்க வேண்டிய ஒரு கால்வாய் இன்றும் திறந்திருப்பது ஆகிய எல்லாவற்றுக்கும் அடியில் தண்ணீர்க் கணக்கு ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது.

முதலில் அகலத்தை எடுத்துக்கொள்வோம். நேரோபோட்டின் அகலம் ஏறத்தாழ 6 அடி 10 அங்குலம். நீளம் அதிகபட்சம் 72 அடி வரை போகலாம். ரயில்பெட்டியை நெடுக்காக அரிந்ததுபோன்ற இந்த விசித்திரமான வடிவத்தை முடிவு செய்தவர் ஜேம்ஸ் பிரிண்ட்லி என்ற பொறியாளர். ஆலை இயந்திரங்களைச் செய்யும் தொழிலாளியாக வாழ்க்கையைத் தொடங்கிய அவர், பிரிட்ஜ்வாட்டர் பிரபுவின் வொர்ஸ்லி சுரங்க நிலக்கரியை மான்செஸ்டருக்குக் கொண்டுசெல்லும் கால்வாயை உருவாக்கிப் புகழ்பெற்றார். 1761இல் அது திறக்கப்பட்டதும் மான்செஸ்டரில் நிலக்கரி விலை ஏறக்குறைய பாதியாகச் சரிந்தது. அடுத்து அவர் எடுத்துக்கொண்ட ட்ரென்ட்–மெர்சி கால்வாய் அதைவிடக் கடினமான வேலை. பீங்கான் உற்பத்தியாளர் ஜோசையா வெட்ஜ்வுட் 1766இல் முதல் மண்ணை வெட்டித் தொடங்கிவைத்த அந்தக் கால்வாய் மேட்டுநிலத்தைக் கடந்தாக வேண்டும். அதற்கு ஹேர்காசில் குன்றைக் குடைந்து இரண்டரைக் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட சுரங்கம் வேண்டும்; இருபுறமும் நீர்ப்பூட்டுகள் வேண்டும். சுரங்கம் அகன்றால் செலவும் காலமும் பெருகும். நீர்ப்பூட்டு அகன்றால், உச்சியில் சேர்த்துவைத்த தண்ணீர் ஒவ்வொரு படகுக்கும் இரட்டிப்பாகச் செலவாகும். எனவே பிரிண்ட்லி பூட்டின் அகலத்தை ஏழடியோடு நிறுத்தினார். 1772இல் அவர் இறந்துவிட்டார். 1777இல் கால்வாய் முடிந்தது. அதனோடு இணைய விரும்பிய பல கால்வாய்களும் அதே அளவையே பின்பற்ற நேர்ந்தது. இரண்டரை நூற்றாண்டு கழித்து இன்று புதிதாகப் படகு கட்டுகிறவரும், சமையலறையையும் கட்டிலையும் குளியலறையையும் அந்த ஏழடிக்குள்தான் அடுக்கவேண்டியிருக்கிறது.

படகுக்காரர்கள் லாக் என்று சொல்லும் நீர்ப்பூட்டு, கருங்கல்லாலோ செங்கல்லாலோ கட்டப்பட்ட நீண்ட தொட்டி. அதன் மேல்முனையில் ஒற்றைக் கதவும், கீழ்முனையில் இரட்டைக் கதவும் இருப்பது ஒடுங்கிய பூட்டுகளின் வழக்கமான அமைப்பு. கீழ்க்கதவுகள் இரண்டும் மூடும்போது, மேட்டுப்பக்கம் பார்த்த கூம்பாகச் சேர்கின்றன. தொட்டியில் தண்ணீர் ஏற ஏற அதன் அழுத்தமே கதவுகளை ஒன்றோடொன்று இறுக்கிப் பூட்டுகிறது. தாழ்ப்பாள் என்று தனியாக ஒன்றும் கிடையாது. கதவுகளிலும் பக்கச் சுவர்களுக்கு அடியிலும் சிறு மதகுகள் உண்டு. விண்ட்லஸ் எனப்படும் வளைந்த இரும்புக் கைப்பிடியைப் பற்சக்கரத்தில் மாட்டிச் சுழற்றினால் மதகுப் பலகை உயர்ந்து தண்ணீர் பாயும்.

மேலே ஏற வேண்டிய படகு, காலியான தொட்டிக்குள் மெல்ல நுழைகிறது. இருபுறமும் பாசி படிந்த ஈரச்சுவர். சுவருக்கும் படகுக்கும் இடையே ஒரு கை நுழையாது. பின்னால் கீழ்க்கதவுகள் சாத்தப்படுகின்றன. கரைமேல் நிற்பவர் மேல்மதகைப் பாதியளவு மட்டும் திறக்கிறார். பாய்ந்துவரும் நீர் படகை முதலில் பின்னுக்குத் தள்ளி, அடுத்து முன்னுக்கு இழுக்கும். அமரத்தில், அதாவது படகின் பின்முனையில், சுக்கான் பிடித்திருப்பவர் எஞ்சினை முன்னும் பின்னும் இயக்கிப் படகை ஓரிடத்தில் நிறுத்தப் பார்க்கிறார். கொந்தளிப்பு அடங்கியதும் மதகு முழுதாகத் திறக்கப்படுகிறது. சில நிமிடங்களில், கிணற்றுக்குள் நின்றவர்போல் அண்ணாந்து பேசிக்கொண்டிருந்தவர் கரையில் இருப்பவரின் முகத்துக்கு நேராக வந்துவிடுகிறார். அதன் பிறகு கதவிலிருந்து நீளும் பருத்த மரக்கையில் முதுகைச் சாய்த்து, காலால் தரையை உந்தித் தள்ள வேண்டும். உள்ளே நீர்மட்டம் வெளிமட்டத்துக்கு ஒரு விரற்கடை குறைவாக இருந்தாலும் கதவு அசையாது. எத்தனை பேர் சேர்ந்து தள்ளினாலும் அப்படித்தான். இரண்டு மட்டமும் சமமாகும் கணத்தில், ஒரு சிறுமி தள்ளினாலும் கதவு நகரத் தொடங்கும்.

இறங்கும்போது வேறொரு கவனம் தேவை. மேல்கதவுக்கு அடியில், வாசற்படிபோல் ஒரு கல் திட்டு தொட்டிக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது. பூட்டு நிரம்பியிருக்கையில் அது கண்ணுக்குத் தெரியாது. தண்ணீர் வடியும்போது படகின் அமரம் அந்தத் திட்டின்மேல் இருந்துவிட்டால், பின்பக்கம் அங்கேயே தொங்க, அணியம் என்னும் முன்முனை மட்டும் கீழே இறங்கி, சில நிமிடங்களில் படகு கவிழ்ந்து மூழ்கிவிடும். அதனால்தான் ஒவ்வொரு பூட்டின் கரைக்கல்லிலும் வெள்ளைக் கோடு ஒன்று தீட்டி, படகு அதற்கு முன்னால் நிற்க வேண்டும் என்று எச்சரித்திருக்கிறார்கள். நிதானமான இந்தப் பயணத்தில் உண்மையிலேயே உயிராபத்து உள்ள இடம் அதுதான். விடுமுறைக்கு வந்த மகிழ்ச்சியில் அந்தக் கோட்டை மறந்துவிடக் கூடாது.

இப்போது கணக்குக்கு வருவோம். தொட்டியின் நீளம் 22 மீட்டர், அகலம் 2.2 மீட்டர், ஏற்றம் சுமார் 2 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒரு படகு ஒரு படி ஏறவோ இறங்கவோ ஏறத்தாழ ஒரு லட்சம் லிட்டர் நீர் மேலிருந்து கீழே போகிறது. படகு ஏறினாலும் சரி, இறங்கினாலும் சரி, தண்ணீர் இறங்கத்தான் செய்யும். கால்வாயின் அடிப்படைச் சிக்கல் இதுதான். உச்சிப்பகுதியில் ஏரியோ ஆறோ இல்லையென்றால், எவ்வளவு நன்றாக வெட்டிய கால்வாயும் ஒரு கோடையில் வற்றிவிடும். ஆகவே கால்வாய்ப் பொறியாளர்கள் வழியைத் தேடியதைவிட அதிகமாகத் தண்ணீரைத் தேடினார்கள். கசிவைத் தடுக்க, ஈரக் களிமண்ணைப் பிசைந்து மிதித்து அடியிலும் கரையிலும் பூசினார்கள். மேட்டில் தேக்கங்கள் கட்டினார்கள்.

படகுக்காரர்களின் மரியாதைகளும் இதே கணக்கிலிருந்து பிறந்தவை. பூட்டு நிரம்பியிருக்கிறது, நீங்கள் கீழிருந்து வருகிறீர்கள், எதிரே மேலிருந்து ஒரு படகு வருவது தெரிகிறது என்றால், அதை முதலில் இறங்கவிட்டுக் காத்திருப்பதே முறை. அந்தப் படகு இறங்கும்போது காலியாகும் தொட்டிக்குள் நீங்கள் நுழையலாம். ஒரே ஒரு லட்சம் லிட்டரில் இரண்டு படகுகள் கடந்துவிடும். அவசரப்பட்டுத் தொட்டியைக் காலி செய்து உள்ளே போனால், இரண்டு மடங்கு நீர் வீணாகும். வெளியேறும்போது மதகுகளை இறக்கிக் கதவைச் சாத்திவிட்டுப் போவதும் இப்படித்தான். ஒரு மதகை இரவில் பாதி திறந்து மறந்துவிட்டால், இரண்டு பூட்டுகளுக்கு நடுவேயுள்ள நீர் முழுவதும் வடிந்து, காலையில் அங்கே கட்டிய படகுகள் சேற்றில் சாய்ந்து கிடக்கும்.

லங்கோலன் கால்வாயில் ஹர்ள்ஸ்டனின் நான்கையும் சேர்த்து மொத்தம் 21 பூட்டுகள். அவற்றில் கவனத்துக்குரியவை விட்சர்ச் நகருக்கருகே கிரிண்ட்லி புரூக் என்ற இடத்தில் இருக்கும் ஆறு. கீழ் மூன்றும் தனித்தனிப் பூட்டுகள். மேல் மூன்றும் நடுவில் இடைவெளியே இல்லாத படிக்கட்டு. ஒரு தொட்டியின் மேல்கதவே அடுத்த தொட்டியின் கீழ்க்கதவு. மேலே ஏறத் தொடங்குமுன் மேலுள்ள தொட்டிகள் நிரம்பியிருக்க வேண்டும், இல்லையென்றால் நடுவழியில் நீர் போதாமல் படகு நின்றுவிடும். அதிகமாக நிரப்பினால் கரை வழிந்து பாயும். அதனால் பருவகாலத்தில் அங்கே காவலர் ஒருவர் நின்று, மேலே போகும் படகுகளையும் கீழே வரும் படகுகளையும் முறைவைத்து அனுப்புகிறார்.

கிரிண்ட்லி புரூக்கைத் தாண்டினால் நிலம் மாறுகிறது. கால்வாய் சமவுயரக் கோட்டைப் பிடித்துக்கொண்டு, மேடு வந்தால் சுற்றி, பள்ளம் வந்தால் ஒதுங்கி, பால்மாட்டு மேய்ச்சல் நிலங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து போகிறது. மரத்தாலான தூக்குப் பாலங்களில் யாரேனும் கரையிறங்கிப் பாலத்தை உயர்த்தி, படகு போனதும் இறக்க வேண்டும். விக்ஸால் மாஸ் என்னுமிடத்தில் அது முற்றா நிலக்கரியான சதுப்புநிலத்தைக் கடக்கிறது. ஈரம் வடிய வடிய அந்த மண் அமிழ்ந்துகொண்டே போகும், கால்வாயின் கரையும் கூடவே அமிழும். அதனால் 1804 முதல் 1960கள் வரை, கரையில் களிமண்ணைக் கொட்டி உயர்த்துவதையே வேலையாகக் கொண்ட ஒரு தொழிலாளர் குழு அங்கே நிரந்தரமாக இருந்தது. தலைமுறை தலைமுறையாக ஒரே சில கிலோமீட்டரை மூழ்காமல் காத்த அந்த மனிதர்களைப் பற்றி இந்தக் கால்வாயின் புகழ்ச்சிகளில் ஒரு வரியாவது இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. பொறியாளர்களின் பெயர்கள் எல்லோருக்கும் தெரிந்தவை.

அந்தப் பொறியாளர்கள் வில்லியம் ஜெஸப்பும் தாமஸ் டெல்ஃபர்டும். லங்கோலன் தடம் முதலில் எல்ஸ்மியர் கால்வாய் என்ற திட்டத்தின் பகுதியாக இருந்தது. 1793இல் நாடாளுமன்ற அனுமதி பெற்ற அந்தக் கால்வாய், மெர்சி, டீ, செவர்ன் ஆகிய மூன்று ஆறுகளையும் இணைப்பதற்காகத் திட்டமிடப்பட்டது. வழியில் டீ ஆற்றின் ஆழமான பள்ளத்தாக்கு குறுக்கிட்டது. பள்ளத்தாக்கின் ஒரு பக்கம் பூட்டுகளால் இறங்கி மறுபக்கம் ஏறினால் நேரமும் தண்ணீரும் ஏராளமாகச் செலவாகும். அதற்குப் பதிலாக, உயரமான கல்தூண்களின்மேல் வார்ப்பிரும்புத் தொட்டியை வைத்துக் கால்வாயையே பள்ளத்தாக்கின் மேலே நடத்திச் சென்றார்கள். 1805இல் திறக்கப்பட்ட இந்தப் பொன்ட்கஸல்தே தொட்டிப்பாலம் 307 மீட்டர் நீளமும் ஆற்றிலிருந்து சுமார் 38 மீட்டர் உயரமும் கொண்டது. 2009இல் யுனெஸ்கோ இதையும் இதை ஒட்டிய கால்வாய்ப் பகுதியையும் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. நடைபாதை இருக்கும் பக்கம் இரும்புக் கம்பி வேலி உண்டு. மறுபக்கம் ஒன்றுமே இல்லை. தொட்டியின் விளிம்பு நீர்மட்டத்துக்கு மேல் ஒரு சாண் அளவுக்குத்தான் நிற்கிறது. படகிலிருந்து அந்தப் பக்கம் திரும்பினால் விளிம்பு கண்ணில் படாது. நேர்கீழே மரங்களின் உச்சியும், பாறைகளுக்கிடையே வெண்ணுரையோடு ஓடும் ஆறும், ஆற்றோரத் திடலும்தான் தெரியும்.

இவ்வளவு பெரிய பாலத்தைக் கட்டியும், அதற்கு வடக்கே ரெக்ஸம் வழியாகச் செஸ்டருக்குப் போக வேண்டிய முதன்மைத் தடம் செலவு தாங்காமல் கைவிடப்பட்டது. பாலத்தின் வடமுனை ட்ரெவர் என்ற ஊரில் முட்டி நின்றது. அதனால் இரண்டு வேலைகள் மிச்சமிருந்தன. ஒன்று, கிழக்கே எல்ஸ்மியர், விட்சர்ச் வழியாக ஹர்ள்ஸ்டனுக்கு ஒரு கிளை வெட்டி, ஏற்கெனவே இருந்த செஸ்டர் கால்வாயோடு இணைப்பது. மற்றொன்று, தண்ணீர் கொண்டுவருவது. இதற்காக டெல்ஃபர்ட், லங்கோலனுக்கு மேலே லன்டிசிலியோ என்ற இடத்தில் டீ ஆற்றின் குறுக்கே பிறைவடிவத்தில் தாழ்வான அணை ஒன்றைக் கட்டி, அங்கிருந்து மலைச்சரிவை ஒட்டி ஒரு வாய்க்காலை ட்ரெவருக்குக் கொண்டுவந்தார். 1808இல் முடிந்த அந்த அணைக்குக் குதிரைலாட அருவி என்று பெயர். இன்று சுற்றுலாப் பயணிகள் அழகுக்காக விரும்பிப் போகும் லங்கோலன் தடம் அடிப்படையில் ஒரு பாசன வாய்க்காலைப் போன்றதே: ஓர் ஆற்றின் நீரைத் திருப்பி, தேவையான இடத்துக்கு இட்டுச்செல்வதற்காக வெட்டியது.

ரயில் வந்தபின் கால்வாய்களின் பொற்காலம் முடிந்தது. சரக்குக் கட்டணம் சரிந்ததால், கரையில் வீட்டு வாடகை கொடுக்க இயலாத படகோட்டிகள் மனைவி மக்களோடு படகிலேயே குடியேறினார்கள். அமரத்தை ஒட்டிய பத்தடி நீள அறையில் அடுப்பும் மடக்குக் கட்டிலும் பிள்ளைகளும் அடங்கவேண்டியிருந்தது. ரோஜாக்களும் கோட்டைகளுமாகப் பலவண்ணத்தில் தீட்டிய அந்த அறைகளின் படங்கள் இன்று பார்க்க அழகாக இருக்கின்றன. ஆனால் 1877இலும் 1884இலும் படகுகளைப் பதிவுசெய்யவும் ஆள் எண்ணிக்கையை வரையறுக்கவும் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பவும் சட்டம் இயற்ற வேண்டிவந்தது என்பதே அந்த வாழ்க்கையின் நெருக்கடியைச் சொல்லிவிடும்.

எல்ஸ்மியர் கால்வாய் சேர்ந்திருந்த ஷ்ராப்ஷயர் யூனியன் நிறுவனத்தை 1847இல் லண்டன் அண்டு நார்த் வெஸ்டர்ன் ரயில்வே குத்தகைக்கு எடுத்தது. அந்த ரயில்வேக்கு 1853 முதல் 1861 வரை தலைவராக இருந்தவர், பிற்காலத்தில் பக்கிங்காம் பிரபு ஆனவர். 1875இல் சென்னை மாகாண ஆளுநராக வந்த அவரது பெயரைத்தான், பெரும்பஞ்சத்தில் நிவாரண வேலையாகக் கூவத்துக்கும் அடையாற்றுக்கும் இடையே வெட்டி இணைத்தபின், நம் கடற்கரையோரக் கால்வாய் தாங்கி நிற்கிறது.

இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் லங்கோலன் தடத்தில் சரக்குப் போக்குவரத்து ஏறக்குறைய நின்றுபோயிற்று. 1944இல் ஒரு சட்டத்தின் மூலம், இதில் படகு விடும் கடமையிலிருந்து ரயில்வே நிறுவனம் விடுபட்டது. அதே சட்டத்தில் அடங்கிய பல தடங்கள் அதன்பின் தூர்ந்து, சில இடங்களில் மண்ணடித்து மூடப்பட்டன. லங்கோலனை மட்டும் மூட முடியவில்லை. ஷ்ராப்ஷயர் யூனியனின் முதன்மைத் தடத்துக்கு டீ ஆற்று நீர் இதன் வழியாகவே போய்க்கொண்டிருந்தது. 1950களில் செஷயர் குடிநீர் வாரியத்தோடு ஓர் உடன்பாடு ஏற்பட்டு, ஹர்ள்ஸ்டன் தேக்கத்துக்குத் தினமும் கோடிக்கணக்கான லிட்டர் நீரைக் கொண்டுபோகும் குழாயாகவே கால்வாய் மாறியது. நீர் ஓட வேண்டுமானால் கரை உடையக் கூடாது; தூர் வார வேண்டும்; தொட்டிப்பாலங்கள் கசியக் கூடாது. குடிநீருக்காகச் செய்த அந்தப் பராமரிப்பு படகுகளுக்கும் வழியைக் காப்பாற்றிவைத்தது. 1946இல் தொடங்கிய உள்நாட்டு நீர்வழிகள் சங்கத்தின் ஆர்வலர்கள் நாடெங்கும் கால்வாய்களுக்காகப் போராடினார்கள். அவர்கள் இல்லாவிட்டால் பல தடங்கள் அழிந்திருக்கும். எனினும் லங்கோலனைப் பொறுத்தவரை, அது பிழைத்ததற்கு முதற்காரணம் தண்ணீர்தான் என்று சொல்வதே நேர்மை.

அந்த நீரோட்டத்தைப் படகில் போகிறவர் நாள் முழுவதும் உணர்வார். பெரும்பாலான கால்வாய்களில் நீர் அசையாமல் கிடக்கும். இங்கே எதிர்த்து வருகிறது. பூட்டுகளைச் சுற்றிக்கொண்டு உபரிநீரைக் கீழே விடும் பக்க வாய்க்கால், பூட்டின் வாசலருகே குறுக்காகப் பாய்ந்து அணியத்தை ஒருபுறம் தள்ளும். நேரோபோட் திரும்பும்போது நடுவிலிருந்து சுழல்வதால், சுக்கானை எதிர்த்திசையில் தள்ளி, முன்கூட்டியே திருத்தவேண்டியிருக்கும். சட்டப்படி அதிகபட்ச வேகம் மணிக்கு 4 மைல். கட்டிய படகுகளைக் கடக்கையில் அதுவும் பாதியாகக் குறைய வேண்டும், ஏனெனில் அலை எழுந்தால் மற்றவரின் கயிறு அறுபடும், களிமண் கரை அரிக்கப்படும். எத்தனை மைல், எத்தனை பூட்டு என்று கூட்டி மூன்றால் வகுத்தால் பயண மணிநேரம் கிடைக்கும் என்பது படகுக்காரர்களின் பழைய கணக்கு. 44 மைலும் 21 பூட்டும் என்றால் கிட்டத்தட்ட 22 மணிநேரம். எதிரோட்டத்தில் இன்னும் கூடும். திரும்பி வருகையில் நீரே பாதி தள்ளிவிடும்.

1963 குளிர்காலத்தின் நீண்ட உறைபனி எஞ்சியிருந்த நேரோபோட் சரக்குத் தொழிலையும் ஏறத்தாழ முடித்துவைத்தது. இன்று இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2,000 மைல் நீர்வழிகளை 2012இல் அமைக்கப்பட்ட கால்வாய் மற்றும் நதி அறக்கட்டளை பராமரிக்கிறது. ஓக் மரத்தாலான ஒரு பூட்டுக் கதவு சுமார் 25 ஆண்டுகள் உழைக்கும். பிறகு பட்டறையில் அந்தந்தப் பூட்டின் அளவுக்குப் புதிதாகச் செய்து பொருத்த வேண்டும். இரு நூற்றாண்டு கண்ட மண் அணைகளுக்கும் செலவு ஏறிக்கொண்டே போகிறது. 2019 ஆகஸ்டில் டாட்புரூக் தேக்கத்தின் உபரிநீர்ப் போக்கி உடைந்தபோது, கீழேயுள்ள வேலி பிரிட்ஜ் ஊரில் சுமார் 1,500 பேர் வீடுகளை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். அது ஒரு கால்வாய்க்கு நீர் தருவதற்காகக் கட்டிய தேக்கம்தான். 2027 முதல் பத்தாண்டுகளுக்கான அரசு மானியம் 40 கோடி பவுண்டுக்குச் சற்று மேல் என்று அறிவித்திருக்கிறார்கள். அது ஆண்டுக்காண்டு குறைந்துகொண்டு போகும் மானியம். இது தவறான சிக்கனம் என்றே நினைக்கிறேன். கசியும் கரையையும் தளரும் அணையையும் தள்ளிப்போட முடியாது. 2025 கோடை வறட்சியில், தேக்கங்களை மட்டும் நம்பியிருந்த வட இங்கிலாந்துக் கால்வாய்கள் பலவற்றில் பூட்டுகள் மாதக்கணக்கில் மூடிக்கிடந்தன.

லங்கோலன் படகுத்துறைக்குப் பிறகு, அணைவரையுள்ள கடைசி மூன்று கிலோமீட்டரில் எஞ்சின் படகுகளுக்கு அனுமதி இல்லை. வாய்க்கால் அவ்வளவு ஒடுக்கம், அவ்வளவு ஆழமின்மை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து நடந்துவரும் குதிரைப் படகுச் சவாரி மட்டும் அந்தப் பக்கம் கொஞ்ச தூரம் போகும். மற்றவர்கள் படகைக் கட்டிவிட்டு இழுபாதையில் நடக்க வேண்டும். வழி முழுவதும் ஒருபுறம் மலைச்சரிவு, மறுபுறம் கீழே ஆறு, காலடியில் வாய்க்கால். முடிவில், டெல்ஃபர்டின் பிறை வளைவில் வழியும் ஆற்றுக்குப் பக்கத்தில் ஒரு சிறு கட்டடம் நிற்கிறது. ஆற்றிலிருந்து கால்வாய்க்குள் எவ்வளவு தண்ணீர் போகிறது என்பதை அளக்கும் கருவி அதற்குள் இருக்கிறது.